201 கோப்பு இருந்தால் சிஐஏ ஆளா?

சுங்கை சிப்புட் பக்கம் புலனத்தில் சுற்றும் தகவல்: "கென்னடி கொலையில் பிடிபட்ட ஓஸ்வால்டுக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் 201 கோப்பு இருந்தது, ஆகவே அவர் அதன் ஊழியர்."

தவறு. தோட்டத்துக் கிராணியின் செக்ரோலில் (வேலையாட்கள் பதிவேட்டில்) பெயர் இருந்தால் சம்பளம் உண்டு; 201 அப்படிப்பட்ட பதிவு அன்று. அமெரிக்க ராணுவத்தில் 201 சிப்பாயின் பணிக்கோப்பு, குழப்பம் அதனால்தான். சிஐஏவிலோ ஊழியர் கோப்புகள் பணியாளர் அலுவலகத்தில் தனியே இருக்கும். உளவாளி, கண்காணிக்கப்படுபவர், எதிர்முகாமுக்குப் போனவர் என யாருக்கும் 201 திறப்பார்கள்: படிவம், தனி எண், பெயர் அட்டை.

ஓஸ்வால்டு 1959 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் போனார். 201-289248 திறக்கப்பட்டது 1960 டிசம்பர் 9. படிவத்தில் நடுப்பெயரே தப்பு: ஹார்விக்குப் பதில் ஹென்றி. இப்படி எழுதினால் பெயர் தேடும்போது பழைய தாள்கள் அகப்படாமல் போகலாம்.

திறக்க ஏன் 14 மாதம் ஆனது? அது நியாயமான கேள்வி, அதைக் கேளுங்கள்.