சனிக்கிழமை வராதவருக்கு வெடிமருந்து கிடையாது

போர் மறுநிகழ்த்தல் முகாமில் தனக்குத் தோட்டா தர மறுத்த ஒரு 'வெள்ளைக்காரனுக்குக் கங்காணி' பற்றித் தம்பி ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். ஆமாம், அந்தக் 'கங்காணி' நான்தான். பெயர் போடாமல் எழுதினால் யாருக்கும் தெரியாது என்று தம்பி நினைத்துவிட்டார் போல. இரண்டு நாளாக இன்பாக்ஸில் ஒரே விசாரணை. 'அண்ணே, நம்ம பையனை நீங்களே இப்படிப் பண்ணலாமா?'

நடந்தது இவ்வளவுதான். அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற புரட்சிப் போரை, அந்தக் காலச் சீருடையும் துப்பாக்கியுமாக மறுநிகழ்த்தும் எங்கள் குழுவின் வார இறுதிப் பயிற்சி முகாம். சனிக்கிழமை முழுக்கக் கவாத்து, துப்பாக்கிச் சோதனை, வெடிமருந்தைக் கையாளும் விதிகள். தோட்டா இடுப்பில் கட்டிய தோல்பெட்டியில்தான் இருக்க வேண்டும், பாக்கெட்டில் போடவே கூடாது என்பது முதல் பாடம். ஞாயிறு மதியம் பார்வையாளர்களுக்கு முன்னால் ஒரு சின்னச் சண்டை. தம்பி ஞாயிறு பதினொரு மணிக்குக் காரிலிருந்து இறங்கினார். நான் இரவல் கொடுத்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் செல்ஃபி. அப்புறம் வந்து, 'எனக்குத் தோட்டா எங்கே?' என்றார். வரிசையில் நில்லுங்கள், எங்களோடு நடங்கள், மருந்து மட்டும் கிடையாது என்றேன். நான் செய்த கொடுமை இதுதான்.

'குண்டே இல்லாத வெத்துத் தோட்டாவுக்கு இவ்வளவு பில்டப்பா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, காகிதச் சுருளில் குண்டு இல்லைதான். கறுப்பு மருந்து இருக்கிறதே. நாங்கள் தூக்குவது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி, கொஞ்சம் மருந்து வைத்த கிண்ணத்தில் விழுந்து, அங்கிருந்து ஒரு சின்னத் துளை வழியாகக் குழலுக்குள் தீ போக வேண்டும். அந்தத் துளை வலப்பக்கம் இருக்கிறது. தீ உள்ளே மட்டுமா போகும்? வெளியேயும் சீறும். தோளோடு தோள் உரசும் வரிசையில் வலப்பக்கத்து ஆளின் முகம் அங்கேதான் இருக்கும். அதற்காகத்தான் பித்தளைத் தடுப்பு மாட்டுகிறோம். தம்பி எங்கிருந்தோ வாங்கிவந்த துப்பாக்கியில் அது இல்லை. சனிக்கிழமை வந்திருந்தால் மாட்டிக் கொடுத்திருப்போம்.

நான் மட்டும் என்ன பிறவிச் சிப்பாயா? என் முதல் முகாமில் குழலுக்குள் இரும்புக் கம்பியைப் போட்டுப் பார்த்தார்கள். சுத்தமான காலிக் குழல் என்றால் 'ணங்' என்று மணி மாதிரி கேட்கும். என்னுடையது 'தொப்' என்றது. அடியில் கரி அப்பியிருந்தது. துடைத்துக்கொண்டு வா என்றார்கள். மூன்று தடவை போய்வந்தும் தொப்தான். அன்று முழுக்கத் தண்ணீர்க் குடுவை சுமந்தேன். யாரைத் திட்டியும் பதிவு போடவில்லை.

அடுத்த ஆண்டு கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து, குழலில் மருந்து அப்படியே நின்றுவிட்டது. சுற்றிலும் முப்பது துப்பாக்கி வெடிக்கிறது, புகை வேறு. நான் சுட்டுவிட்டதாகவே நினைத்து அடுத்த தோட்டாவுக்குக் கையைக் கொண்டுபோனேன். பின்னால் நின்ற சார்ஜெண்ட் தோளைப் பிடித்து நிறுத்தினார். இல்லையென்றால் மருந்தின் மேல் மருந்து கெட்டித்திருப்பேன். 1863-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து பொறுக்கிய 27 ஆயிரத்துச் சொச்சம் துப்பாக்கிகளில் சுமார் 24 ஆயிரம் கெட்டித்தபடியே கிடந்தனவாம். அதில் பாதி இரண்டு தடவை கெட்டித்தவை. நிஜச் சிப்பாய்க்கே அந்தக் கதி. 1998-இல் அதே கெட்டிஸ்பர்க்கின் மறுநிகழ்த்தலில் ஒருவர் கழுத்தில் நிஜக் குண்டே பாய்ந்தது.

'காசு உள்ளவன் விளையாட்டு' என்பவருக்கு: சரி, இருக்கட்டும். அந்தக் கோட்டு இரவல்தான் கொடுத்தேன்.

ஆனால் 'வெள்ளைக்காரனுக்குக் கங்காணி' என்றீர்களே தம்பி, அது தைத்தது. என் அம்மாவின் தாத்தா மலாயாவில் பால்மரம் வெட்டியவர். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் லைக்குக்காக எழுதிவிட்டீர்கள்.

இந்தப் போர் வெள்ளைக்காரனுடையது மட்டும் என்று யார் சொன்னது? 1778-இல் வாஷிங்டனின் வேலி ஃபோர்ஜ் முகாமில் புரட்சிப் படைக்குக் கவாத்து கற்றுக்கொடுத்த ஸ்டாய்பன், ஆங்கிலம் தெரியாத பிரஷ்யாக்காரர். திட்டுவதற்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. அதே ஆண்டு ரோட் ஐலண்டு படைப்பிரிவில், விடுதலை தருகிறோம் என்ற வாக்கை நம்பி அடிமைகள் சேர்ந்தார்கள், பூர்வகுடிகளும் இருந்தார்கள். 'உங்க ஆட்கள் இதில் இருந்தார்களா?' என்று பார்வையாளர்களில் யாராவது வருடத்துக்கு ஒரு தடவையாவது என்னைக் கேட்பார்கள். சிரித்துவைப்பேன், வேறென்ன செய்ய? வரிசையில் நிற்கிறவன் மட்டும் இதுவரை கேட்டதில்லை. அவன் முழங்கை என் முழங்கையில் இடிக்கும். என்னைப் பற்றி அவனுக்குத் தெரிய வேண்டியது நான் சனிக்கிழமை வந்தேனா என்பதுதான்.

'நம்ம ஆள்' என்று விட்டிருக்கலாமாம். நம்ம ஆள் என்பதால்தான் விடவில்லை. ஒரு டேவிட் தப்பு செய்தால் அது டேவிட்டின் தப்பு. நீங்கள் செய்தால் அடுத்த முகாமுக்கு வரும் எல்லாத் தமிழ்ப் பையன்களின் தலையிலும் விழும். இது நியாயமா என்றால் இல்லை. நான் போட்ட கணக்கு அது. வேண்டுமானால் அதற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று கோட்டு பார்சலில் திரும்பி வந்தது. துவைக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. இடப்பக்கப் பாக்கெட்டில் கையை விட்டால், கசங்கிய காகிதத் தோட்டா ஒன்று. மருந்தோடு.