சிகார் கட்டரும் அப்பத்தாவின் பாக்குவெட்டியும்

"சிகார் வெட்டுற கட்டர்ல அப்படி என்னங்க இருக்கு, எல்லாம் ஒண்ணுதானே" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். ஒண்ணு இல்லை. அங்கேயே நின்று விளக்க நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்று: புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சிகாரால் வாய்ப் புற்றுநோய் வரும். இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே எப்போதாவது ஒன்று பிடிக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்ம ஊர் சுருட்டுக்குக் கட்டர் வேண்டியதில்லை. உறையூர்ச் சுருட்டு இருபுறமும் வெட்டித் திறந்தே வரும், வாயில் வைத்துப் பற்றவைக்க வேண்டியதுதான். ('செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான்.) கியூபா வகை சிகார் அப்படியில்லை. உருட்டி முடித்ததும் வாய் வைக்கிற முனையில் மேலிலையின் ஒரு சிறு துண்டை, ருசியில்லாத தாவரப் பசை தடவி ஒட்டி மூடிவிடுகிறார்கள். வெளியே சுற்றிய இலை பிரியாமல் இருப்பது அந்தத் தொப்பியால்தான். நாம் வெட்ட வேண்டியது அதன் உச்சியை மட்டும், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். தொப்பி முடிகிற கோட்டைத் தாண்டிக் கத்தி இறங்கிவிட்டால் இலை மெல்ல மெல்ல அவிழ ஆரம்பிக்கும், பாதி சிகார் முடிவதற்குள் கையில் பிரிந்த பாய் மாதிரி ஆகிவிடும்.

நான் முதலில் வைத்திருந்தது ஒரு கடையில் சிகாரோடு சும்மா கொடுத்த பிளாஸ்டிக் கட்டர். ஒற்றை பிளேடு. ஒரு பக்கத்திலிருந்து வருகிற பிளேடு முதலில் சிகாரை எதிர்ச்சுவரோடு அழுத்தி நசுக்கும், அப்புறம்தான் வெட்டும், அதுவும் கடைசி கால்வாசியை வெட்டாமல் பிய்க்கும். நண்பர் மகளுக்குக் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அவர் வாங்கித் தந்த ரொபஸ்டோ (குட்டையான, தடித்த வகை சிகார்) ஒன்றை அதில் வெட்டினேன். மேலிலையில் நகத்தால் கீறியதுபோல ஒரு விரிசல் நீளவாக்கில் ஓடியது. இழுக்கும்போது அந்த விரிசல் வழியாகக் காற்று போனது, புகை மெலிந்தது, ஒவ்வொரு இழுப்புக்கும் நாக்கில் புகையிலைத் துணுக்கு. சிகாரில் ஒரு குறையும் இல்லை, கெடுத்தது அந்தக் கட்டர். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு இரும்புப் பாக்குவெட்டி இருந்தது. அதன் ஆணி கொஞ்சம்கூட ஆடாது. கொட்டைப்பாக்கைத் தாள் மாதிரி சீவுவார். பக்கத்து வீட்டுப் பாக்குவெட்டி பித்தளை, கிளி மூக்கெல்லாம் வைத்து அழகாக இருக்கும், ஆனால் ஆணி தளர்ந்துபோய் அலகு விலகியிருந்ததால் பாக்கு நொறுங்கத்தான் செய்யும். சிகார் கட்டரிலும் விஷயம் இவ்வளவுதான். இரட்டை பிளேடு கட்டரில் இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று உரசியபடி, நடுவில் இடைவெளி இல்லாமல் சந்திக்க வேண்டும். கடையில் எடுத்துக் காதோரம் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள். பாதி மூடிய நிலையில் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். பிளேடுகளுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சந்தில்தான் இலை சிக்கிக் கிழியப் போகிறது.

அப்போ விலை? தரம் முக்கியம், ஆனால் விலையெல்லாம் தரம் இல்லை. மட்டமான கட்டரிலிருந்து நல்ல இரட்டை பிளேடு கட்டருக்குப் போகும்போது தெரிகிற வித்தியாசம் முதல் வெட்டிலேயே தெரியும். அதற்கு மேல் கொடுக்கிற காசு தங்க முலாமுக்கும் தோல் உறைக்கும் பெட்டிக்கும்தான். பார்க்க அழகாக இருக்கும், பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வெட்டு அதனால் மாறாது. பொதுவாகக் கட்டரை வீட்டில் சாணை பிடிக்க முடியாது, ஆகவே பிளேடு கூர் மங்காத நல்ல ஸ்டீலா, மங்கினால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். கட்டருக்கு ஆயுள் உத்தரவாதம் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. என் கட்டரின் விலை நல்ல சிகார் மூன்றின் விலை. ஆறு வருஷமாக அதே கட்டர்தான்.

கட்டரின் வாய் அகலத்தையும் பாருங்கள். சிகாரின் பருமனை ரிங் கேஜ் என்பார்கள், ஒரு ரிங் என்றால் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. 60 ரிங் சிகார் கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர் தடிமன், சின்னக் கட்டருக்குள் நுழையவே நுழையாது. ஓட்டை போடுகிற பஞ்ச் சாவிக்கொத்தில் மாட்ட வசதி, ஆனால் கூம்பு முனை சிகாருக்கு உதவாது, கடைசியில் அந்தச் சின்ன ஓட்டையில் தார் சேர்ந்து கசக்கும். முனையில் V வடிவத்தில் பள்ளம் போடுகிற வி கட் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் பிளேடு மட்டமாக இருந்தால் நேர் வெட்டைவிட மோசமாகக் கிழிக்கும்.

கை நிதானம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. கட்டரை மேசைமேல் படுக்கவைத்துத் திறந்து, சிகாரை அதற்குள் தலைகீழாக நிறுத்துங்கள். தொப்பி மேசையில் முட்டும், அதற்குமேல் கீழே போகாது. உதட்டால் தொப்பியை லேசாக ஈரமாக்கிவிட்டு, ஒரே அழுத்து. தயங்கித் தயங்கி அழுத்தினால் எந்தக் கட்டரும் நசுக்கும். நல்ல பிளேடாக இருந்தால் 'சக்' என்ற சின்ன சத்தத்தோடு தொப்பி சட்டைப் பொத்தான் மாதிரி தனியாகக் கழன்று கிடக்கும், வெட்டின முகத்தில் விரல் வைத்தால் வழவழவென்று இருக்கும்.

இன்னொன்று, மே மாதத்தில் காருக்குள் போட்டு வைத்துக் காய்ந்துபோன சிகாரைக் கொண்டுவந்து கட்டர் சரியில்லை என்று சொல்லாதீர்கள். சிகாருக்கு 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். காய்ந்த இலை எந்த பிளேடு பட்டாலும் அப்பளமாக உடையும்.