பத்திரம் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, மக்களே

குலசேகரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். கம்ப்யூட்டர் லேபில் 18 கணினிகள், எல்லாமே லினக்ஸ் இயங்குதளம். கேபிள் இழுக்க வசதியில்லாமல் யூஎஸ்பி வை-ஃபை டாங்கிள் செருகியிருந்தார்கள். லினக்ஸின் மையமான கர்னலைப் புதுப்பித்த மறுநாள் ஒன்றிலும் நெட் இல்லை. டாங்கிளை இயக்க அதோடு சிடியில் வந்த டிரைவர் நிரல் பழைய கர்னலுக்காக எழுதப்பட்டது.

என்னோடு வேலை பழகும் தம்பி ஒருவன் அதைப் புதிய கர்னலுக்குக் கொண்டுவர உட்கார்ந்தான். லேசான வேலை இல்லை. 4.15 கர்னலில் டைமரைத் தொடங்கும் முறை மாறியிருக்கிறது. 5.6இல் கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் கோப்புகளுக்குத் தனி அமைப்பு வந்துவிட்டது. 5.17இலிருந்து வலைக்கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியை நேராக எழுத விடுவதில்லை. ஒவ்வொன்றாகத் திருத்தி, இரண்டே வாரத்தில் ஓடவைத்துவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அண்ணே, கிட்ஹப்ல போட்டுரட்டுமா?" என்று கேட்டான், நிரலை ஊருக்கெல்லாம் பகிரும் தளம் அது. கோப்புகளின் தலைப்பில் இருக்கும் உரிம வாசகத்தைப் படித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை.

இரண்டு பேருமாகப் பார்த்தோம். பாதிக் கோப்புகளில் ஜிபிஎல் என்று இருந்தது, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம், ஆனால் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கவேண்டும் என்கிற உரிமம் அது. சிலவற்றில் எதுவுமே இல்லை. இரண்டில் மட்டும் 'ரகசியம், எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே' என்று இருந்தது. ஆனால் கடைசியில், கர்னலோடு இணையும் நிரல் துண்டான மாட்யூல் தன் உரிமத்தைக் கர்னலுக்குச் சொல்லும் 'மாட்யூல் லைசென்ஸ்' வரியில் ஜிபிஎல்! காரணம் இருக்கிறது. கர்னலில் யூஎஸ்பி டிரைவரைப் பதிவு செய்யும் செயற்கூறு ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் மாட்யூலுக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் டாங்கிள் ஓடாது. ஓடவேண்டும் என்பதற்காக எழுதிய வரியை உரிமம் என்று நம்பி நாம் ஊருக்கெல்லாம் விநியோகித்தால் பொறுப்பு யாருடையது?

மார்த்தாண்டத்தில் 3 சென்ட் இடம் வாங்குகிறவர்கூட மூலப் பத்திரம் கேட்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். நிரல் என்றால் மட்டும் 'நெட்டில் கிடைத்தது' போதும் என்று நினைத்துவிடுகிறோம். நம் 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு வகையில் வருகிறது. உரிமம் எழுதாத கோப்பு பொதுச் சொத்து ஆகிவிடாது. எழுதியவருக்கே உரிமை, அவ்வளவுதான்.

நல்ல நோக்கத்தோடு செய்தவர்களுக்கும் இதில் சறுக்கியிருக்கிறது. 2007இல் ஏத்தரோஸ் வை-ஃபை சிப்புகளுக்கான ஆத்5கே டிரைவரை லினக்ஸுக்குக் கொண்டுவந்தபோது, ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்துக்காக ரேயிக் ஃப்ளோட்டர் எழுதிய கோப்புகளிலிருந்து அவருடைய ஐஎஸ்சி என்ற தாராளமான உரிம வாசகத்தை எடுத்துவிட்டு ஜிபிஎல் வாசகத்தை வைக்க ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், வந்தது. பெரிய சண்டையானது. கட்டற்ற மென்பொருள்காரர்களுக்குச் சட்ட உதவி செய்யும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் வழக்கறிஞர்கள் உட்கார்ந்து, எந்தக் கோப்பில் யாருக்கு என்ன உரிமை என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2008இல் டிரைவர் 2.6.25 கர்னலில் சேர்ந்தது. தாராளமான உரிமம் என்றாலும் எழுதியவர் பெயரையும் வாசகத்தையும் அழிக்க யாருக்கும் அனுமதி கிடையாது. எனக்கு அந்தச் சண்டையில் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

கர்னலுக்கு அனுப்பும் ஒவ்வொரு பேட்சின் அடியிலும் 'சைன்டு-ஆஃப்-பை' என்று நம் பெயரை எழுதுகிறோமே, அது சடங்கு கிடையாது. 2003இல் எஸ்சிஓ நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரலை லினக்ஸுக்குள் போட்டுவிட்டதாக ஐபிஎம் மீது வழக்குப் போட்ட பிறகு, 2004இல் வந்த ஏற்பாடு அது. 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது' என்று அந்த ஆள் சொல்லும் உறுதிமொழி. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நாகர்கோவில் பக்கம் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட வேலை செய்கிறார்கள். முதலாளி ஜிப் கோப்பைக் கொடுத்து 'திங்கட்கிழமைக்குள் ஓடணும்' என்கிறார். 21 வயசுப் பையன் தன் பெயரைப் போடுகிறான். நாளைக்குக் கேள்வி வந்தால் அந்தப் பெயர்தான் நிற்கும். மூத்தவர்கள் நாம் அதைத் தடுக்காமல் இருக்கக் கூடாது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். விற்றவருக்கும் சிப் செய்தவருக்கும் எழுதினோம். மூன்றாவது மடலுக்குப் பதில் வந்தது. ஜிபிஎல் அல்லது இன்னும் தாராளமான பிஎஸ்டி, விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்று, உரிமத்தைச் சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் வரியோடு புதிய மூட்டை அனுப்பினார்கள். 'ரகசியம்' என்றிருந்த அந்த இரண்டு கோப்புகளை மட்டும் அவர்களாலும் தர முடியவில்லை, வேறு யாரிடமோ வாங்கியதாம். திறந்து படித்தால் அது வெறும் குறியாக்கக் கணக்கு. அதே வேலைக்குக் கர்னலிலேயே நூலகம் இருக்கிறது. தூக்கி எறிந்துவிட்டு அதை வைத்தோம். நிரலும் சிறுத்தது.

இன்னும் பாக்கி இருப்பது ஃபர்ம்வேர், அதாவது டாங்கிளின் சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல். சி கோப்புக்குள் வெறும் எண்களாக அடைத்து, மேலே ஜிபிஎல் என்று எழுதியிருந்தார்கள். மூல நிரல் இல்லாத எண்களுக்கு ஜிபிஎல் என்று எழுதி என்ன பயன்? அதைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டோம். மறுவிநியோகத்துக்கு எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம். அது வரும்வரை டிரைவரை மட்டும்தான் வெளியே கொடுப்போம், ஃபர்ம்வேரை அவரவர் சிடியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் 18 கணினியிலும் நெட் வந்துவிட்டது. தம்பி தன் பெயரைப் போட்டு முதல் பேட்சை போன வாரம் அனுப்பினான்.