எல்லாம் லோவில் வைத்தும் விக்கல் நிற்கவில்லை

வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கேம் விளையாட நேரம் கிடைக்கிறது, அதிலும் முக்கால்வாசி கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ் பக்கத்திலேயே போனால் எரிச்சல் வராதா? திரையின் மூலையில் எஃப்.பி.எஸ். (விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்) 70 என்று பச்சையாக மின்னுகிறது. ஆனால் வளைவில் காரைத் திருப்பும்போதெல்லாம் படம் விக்கல் எடுத்த மாதிரி நின்று நகர்கிறது, அதற்குள் வண்டி சுவரில்.

யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டு: "எல்லாத்தையும் லோவுல வை ப்ரோ." வைத்தேன். நிழல் போயிற்று, மரமெல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டியது போலாயிற்று, எஃப்.பி.எஸ். 90க்கு ஏறிற்று, விக்கல் மட்டும் அப்படியே. இன்னொருவர் ஷேடர் கேஷை, அதாவது காட்சியை வரையும் குட்டி நிரல்களைத் தயாராக்கிச் சேமித்து வைத்திருக்கும் இடத்தை, அழிக்கச் சொன்னார். அழித்தேன், கேம் எல்லா ஷேடரையும் முதலிலிருந்து கம்பைல் செய்ய ஆரம்பித்து முன்பைவிட மோசமாகத் திக்கியது. புண்ணியவான்!

அந்த எஃப்.பி.எஸ். எண்ணே ஒரு ஏமாற்று. 69 ஃபிரேம் 900 மில்லி விநாடியில் ஓடி முடிந்து, மிச்சமிருக்கும் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லி விநாடி இழுத்தாலும் கணக்கில் அது 70தான். கண்ணுக்குத் தெரிவது அந்த ஒன்று.

கடைசியில் ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஃபிரேம் டைம் கோட்டைத் திரையில் போட்டு, ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்த்ததில்தான் பிடிபட்டது. பல செட்டிங்கை ஒரே தட்டில் மாற்றுமே, நான் தேர்ந்தெடுத்த அந்த லோ ப்ரீசெட் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்களை) தொடவே இல்லை, அது மட்டும் அல்ட்ராவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது! என் கிராஃபிக்ஸ் கார்டில் இருப்பதோ 4 ஜிபி விராம் (கார்டின் சொந்த நினைவகம்). அது நிரம்பியதும் மிச்சத்தை கம்ப்யூட்டரின் ராமில் வைத்துவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் அதைவிடப் பல மடங்கு மெதுவான வழியில் இழுத்துக்கொண்டு வர வேண்டும். வேறென்ன, விக்கல்தான். இதை அந்த மெனுவிலேயே ஒரு வரி எழுதி வைத்தால் கை தேய்ந்துவிடுமா? "ஆம்பியன்ட் அக்லூஷன்" என்று ஒன்று இருக்கிறதே, அதன் விளக்கத்தில் "ஆம்பியன்ட் அக்லூஷனின் தரத்தை மாற்றும்" என்றுதான் போட்டிருக்கிறது. ரொம்ப நன்றி.

டெக்ஸ்சரை மீடியமாக்கி, நிழலைத் திரும்ப ஏற்றி, டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்) 60 எஃப்.பி.எஸ். வரம்பும் போட்டபின் வெண்ணெய் மாதிரி ஓடியது. சரியாக நாலு ஞாயிறு. நேற்று டிரைவர் அப்டேட் வந்தது, க்ளீன் இன்ஸ்டாலில் டிக் விழுந்திருந்ததைக் கவனிக்காமல் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டேன். போட்டு வைத்த வரம்பு உட்பட டிரைவரில் இருந்த அத்தனையும் டீஃபால்ட்டுக்குப் போய்விட்டது.