முடிவு வரும்வரை வீட்டில் இருக்க வேண்டியதில்லை

சட்டம் படித்தவர்கள் வக்கீலாகத் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வை எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருப்பவர்களின் பதற்றத்தை உங்கள் கட்டுரையில் பதிவு செய்ததற்கு நன்றி. ஆனால் அதைப் படித்தால், முடிவு வரும்வரை கோர்ட் பக்கமே போக முடியாது என்ற எண்ணம் வருகிறது. அப்படி இல்லை. வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் தற்காலிகப் பதிவிலேயே வழக்கு நடத்தலாம். அதற்குள் தேறினால் போதும். தேர்ச்சி மதிப்பெண் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதம், பட்டியல் பிரிவினருக்கு 40. தவறினாலும் மறுபடி எழுதலாம்.

தம்பி தங்கைகளே, தினமும் முன்சீப் கோர்ட்டில் போய் உட்காருங்கள். வாய்தா கேட்பது, நகல் மனு போடுவது, மனு ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது என்பதையெல்லாம் அனுபவமுள்ள குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரியில் இதற்குப் பாடமே கிடையாது.

உண்மையான கவலை பணம்தான். மூத்த வக்கீல்களிடம் வேலை பழகும் ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் 2024-ல் சுற்றறிக்கை விட்டது. பஸ் காசுகூடக் கொடுக்காத சீனியர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வீட்டில் வக்கீல் யாரும் இல்லாத பிள்ளைகள் முடிவுக்காகக் காத்திருக்கும் இந்த மாதங்களில்தான் மனம் உடைந்து வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த கட்டுரையில் அதையும் எழுதுங்கள், ஐயா.