கிரியோனையும் பேசவிடுங்கள்
பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிஸின் 'அன்டிகனி' நாடகத்தைச் சிறுவர்களுக்குச் சொல்லும்போது, அதில் வரும் அரசன் கிரியோனைக் கொடுங்கோலனாகக் காட்டினாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. சோபக்ளிஸ் அவ்வளவு எளிதாக எழுதவில்லை. தீப்ஸ் நகரம் அப்போதுதான் போரிலிருந்து தப்பியிருக்கிறது. அன்டிகனியின் அண்ணன் பாலினைசிஸ் அந்நியப் படையோடு சொந்த ஊர்மீதே பாய்ந்தவன். அவனுக்கும், ஊரைக் காத்து மடிந்த சகோதரனுக்கும் ஒரே மரியாதையா என்று கேட்டு, பாலினைசிஸை அடக்கம் செய்யக் கூடாது எனப் புதிய அரசன் கிரியோன் தடை போடுவதைப் பிள்ளைகள் முதலில் உணரட்டும். பிறகு, தமையன் உடலை நாய்க்கும் பறவைக்கும் விடமாட்டேன் என்று அன்டிகனி மண் தூவும்போது யார் பக்கம் நிற்பது என்று அவர்களே திணறுவார்கள். அந்தத் திணறலைப் பறித்துவிடாதீர்கள்.

மரணங்களை எண்ணிப் பெற்றோர் அஞ்ச வேண்டாம். அவை மேடையில் நடப்பதில்லை, தூதன் வந்து சொல்கிறான். கிரியோனின் மகன் ஹீமன் தந்தையிடம் வாதாடும் காட்சியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். ஒரே மனிதனுக்குச் சொந்தமானது நகரமே அல்ல என்று மகன் சொல்லும் இடம் அது.

இன்னொன்று. மனம் மாறிய கிரியோனிடம், தடையை மீறியதற்காகக் குகையில் அடைபட்ட அன்டிகனியை முதலில் விடுவிக்கச் சொல்கிறார்கள் நகரத்து முதியோர். அவனோ முதலில் பாலினைசிஸின் பிணத்தை அடக்கம் செய்யப் போகிறான். ஏன் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.