ஐம்பதில் தொடங்கிய காபென்

பிரெஞ்சு நடிகர் ழான் காபெனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் உலக சினிமா ஆர்வலர்கள் 1930களின் படங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, போருக்குப் பிறகு அவர் நடித்தவற்றை இரண்டு வரியில் முடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இளமையில் பெருங்கலைஞர், பிற்காலத்தில் சம்பளத்துக்கு நடித்தவர் என்பதே அந்தப் பேச்சின் சாரம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஐம்பதை எட்டிய ஆண்டில் தன் வயதை ஒளிக்காமல் திரையில் வந்து நின்றாரே, அதைத்தான் அவருடைய பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

1904 மே 17 அன்று பாரிஸில் பிறந்தவர். இயற்பெயர் ழான் அலெக்சி மோங்கோர்ழே. பெற்றோர் இருவருமே மேடைக் கலைஞர்கள். 'காபென்' என்பது தந்தை தன் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். பாரிஸுக்கு வடக்கே மெரியேல் என்ற சிற்றூரில் வளர்ந்த சிறுவனுக்கு ரயில் எஞ்சின் ஓட்ட வேண்டும் என்பதுதான் கனவு, நடிப்பின் மீது நாட்டம் இருக்கவில்லை. சில்லறை வேலைகள் பார்த்துத் திரிந்த மகனைத் தந்தைதான் ஃபோலி பெர்ழேர் அரங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. 1930இல் பேசும் படத்துக்குள் வந்தார்.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் எட்டிய உயரத்தை யாரும் மறுக்க முடியாது. இயக்குநர் துவிவியேவின் 'பெப்பே லெ மோக்கோ'வில் அல்ஜியர்ஸின் சந்துகளுக்குள் சிறைப்பட்ட கொள்ளைக்காரன், கார்னேயின் 'கே தே ப்ரூம்' படத்தில் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய், அதே கார்னேயின் 'லெ ழூர் ஸெ லேவ்' படத்தில் கொலை செய்துவிட்டு, போலீஸ் சூழ்ந்த கட்டடத்தின் மேல்மாடி அறையில் விடியும்வரை அடைந்து கிடக்கும் தொழிலாளி என்று, தப்ப வழியில்லாத சாமானியனின் முகமாகவே அவர் ஆகிப்போனார். ரெனுவாரின் 'கிராண்ட் இல்யூஷன்' படத்தில் அவர் அணிந்திருக்கும் விமானப்படைச் சீருடை, முதல் உலகப் போரில் இயக்குநர் தானே அணிந்திருந்தது. ஸோலாவின் நாவலை வைத்து ரெனுவார் 1938இல் எடுத்த 'லா பெத் யுமேன்' படத்துக்காக நீராவி எஞ்சினை இயக்கக் கற்றுக்கொண்டு, ஓடும் ரயிலிலேயே நடித்தார். மெரியேல் சிறுவனின் கனவு இப்படிச் சினிமா வழியாக நிறைவேறியது. அந்தப் படத்தின் தொடக்கத்தில் எஞ்சின் இரைச்சலில் பேச்சே கேட்காத நிலையில், உடன் வேலை செய்பவரிடம் சைகையாலும் கண்ணாலும் மட்டுமே பேசியபடி அவர் வண்டியைச் செலுத்தும் அந்தச் சில நிமிடங்களை நடிப்பு என்று சொல்லவே எனக்குத் தோன்றுவதில்லை.

பிறகு போர் வந்தது. ஜெர்மானியர் வசமிருந்த பிரான்சில் நடிக்க விரும்பாமல் 1941இல் அமெரிக்காவுக்குச் சென்றார். ஹாலிவுட்டில் நடித்த இரண்டு படங்களும் எடுபடவில்லை. வேறொருவராக இருந்தால் கலிபோர்னியாவிலேயே போர் முடியும்வரை காத்திருந்திருப்பார். நடிகை மார்லீன் டீட்ரிச்சின் காதலும் அங்கேதான் இருந்தது. காபென் 1943இல், ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்டுவந்த சுதந்திர பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தார். அட்லாண்டிக்கைக் கடந்த எண்ணெய்க் கப்பலில் பணியாற்றி, பின்னர் தளபதி லெக்ளேரின் கவசப் பிரிவில் நாற்பது வயதில் டாங்கித் தலைவராக ஜெர்மனிக்குள் நுழைந்தார். இதற்காகப் பதக்கங்களும் கிடைத்தன.

ஆனால், ஊர் திரும்பியவரின் தலை நரைத்திருந்தது. ரசிகர்கள் எதிர்பார்த்த காபென் வேறு, வந்து நின்றவர் வேறு. டீட்ரிச்சோடு இணைந்து நடித்த 'மார்த்தான் ருமாஞாக்' (1946) தோற்றது. அடுத்து வந்த ஏழெட்டு ஆண்டுகளை அவருடைய வறட்சிக் காலம் என்றே சொல்வார்கள். நல்ல படங்கள் சில இருந்தும் பழைய ஈர்ப்பு திரும்பவில்லை.

1954இல் ழாக் பெக்கர் இயக்கத்தில் 'தூஷே பா ஓ கிரிஸ்பி' வந்தது. தங்கக் கட்டிகளைக் கொள்ளையடித்துவிட்டு, இனி ஓய்வெடுக்கலாம் என்று நினைக்கும் மாக்ஸ் என்ற நடுவயதுத் திருடன். அந்தப் படத்தில் என்னை அசைத்தது துப்பாக்கிச் சண்டை அல்ல. மாக்ஸ் தன் நண்பன் ரித்தோனைத் தன் மறைவிட வீட்டுக்கு அழைத்துவருகிறான். இருவரும் மேசையில் அமர்ந்து மொறுமொறுப்பான ரஸ்க்கின் மீது இறைச்சிக் கூழைத் தடவிச் சாப்பிடுகிறார்கள். வெள்ளை ஒயின் குடிக்கிறார்கள். உனக்கும் எனக்கும் வயதாகிவிட்டது, இளம்பெண்களின் பின்னால் அலைந்தது போதும் என்று மாக்ஸ் நண்பனுக்கு எடுத்துச்சொல்கிறான். பிறகு அலமாரியிலிருந்து படுக்கை விரிப்பும் பைஜாமாவும் எடுத்துக் கொடுக்கிறான். பல் துலக்குகிறார்கள். ரித்தோன் கண்ணாடியில் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறான். கொள்ளைக்காரர்களைப் பற்றிய ஒரு படத்தில் கதை ஓர் அங்குலமும் நகராத இந்தக் காட்சிக்கு இத்தனை நேரம் ஒதுக்கிய பெக்கரின் துணிவு பெரிது. பைஜாமாவும் லேசான தொந்தியுமாக நின்றபடியே அதைத் தாங்கிப்பிடித்த காபெனின் துணிவு அதைவிடப் பெரிது. அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. (மல்யுத்த வீரராக இருந்து, பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான லீனோ வெந்துராவுக்கு இதுதான் முதல் படம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

இதற்குப் பிறகு அவர் நடித்தவை எல்லாமே சிறந்தவை என்று நான் வாதாட வரவில்லை. ஆண்டுக்கு மூன்று, நான்கு என்று குவித்த படங்களில், மிஷெல் ஓதியார் எழுதிக் கொடுத்த வெட்டு வசனங்களை உரக்கப் பேசி, குடும்பத் தலைவராகவும் பழுத்த குற்றவாளியாகவும் மாறிமாறி வந்துபோன படங்கள் கணிசம். அவற்றைப் பார்த்து, பிரெஞ்சு சினிமாவை மாற்ற முனைந்த 'புதிய அலை' இளம் இயக்குநர்கள் சலித்துக்கொண்டதில் நியாயம் உண்டு. ஆனால் 1956இல் வந்த 'லா த்ராவெர்சே தெ பாரி'யை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஜெர்மானியர் ஆட்சியில் இருண்டு கிடக்கும் பாரிஸின் தெருக்களில், கள்ளச் சந்தைப் பன்றி இறைச்சியைப் பெட்டிகளில் சுமந்துகொண்டு இரவெல்லாம் நடக்கும் இருவரின் கதை அது. காபென் அவர்களில் ஒருவரான ஓவியன், கூட வருபவர் நகைச்சுவை நடிகர் பூர்வீல். ஏழைகளைப் பார்த்தே வசைபாடும் அந்த ஓவியன் வேடத்தை ஏற்றவர், முப்பதுகளில் அதே ஏழைகளின் நாயகனாக இருந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால், தன்னுடைய பிம்பத்தின் மீதே கல்லெறிய அவர் தயங்கவில்லை என்பது புரியும்.

அந்தப் பிம்பம் வாழ்க்கையிலும் ஒருமுறை உடைந்தது. சினிமாவில் சம்பாதித்ததை அவர் நார்மண்டியில் நிலமாகவும் மாடுகளாகவும் பந்தயக் குதிரைகளாகவும் மாற்றிக்கொண்டே இருந்தார். 1962 ஜூலையில் ஓர் இரவு, சிறு விவசாயிகளுக்குக் கிடைக்க வேண்டிய நிலத்தை வளைத்துப்போடுகிறார் என்று சொல்லி, சுமார் 700 விவசாயிகள் அவருடைய பண்ணையை முற்றுகையிட்டார்கள். தன்னையும் ஒரு விவசாயியாகவே எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அது ஆறாத காயம். விவசாயிகளின் கோபத்தில் தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய வருத்தம் பொய் என்றும் தோன்றவில்லை.

அவர் 1976 நவம்பர் 15 அன்று, 72 வயதில் காலமானார். முன்னாள் கடற்படை வீரர் என்ற முறையில் அவருடைய அஸ்தியைப் பிரெஸ்ட் துறைமுகத்துக்கு அப்பால் கடற்படைக் கப்பலிலிருந்து கடலில் கரைத்தார்கள்.

இதுவரை காபெனைப் பார்க்காதவர்கள் வழக்கம்போல முப்பதுகளிலிருந்து தொடங்காமல் 'கிரிஸ்பி'யிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, நடிகை சிமோன் சிஞோரேயோடு நடித்த 'லெ ஷா' (1971) படத்தைப் பாருங்கள். பேசிக்கொள்வதை நிறுத்திவிட்ட வயதான கணவன் மனைவியின் கதை. சுற்றிலும் பழைய வீடுகள் இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. பெர்லின் விழாவில் இருவருக்கும் நடிப்புக்கான விருது கிடைத்த படம். இந்த இரண்டையும் பார்த்த பிறகு முப்பதுகளுக்குப் போங்கள். அப்போதும் பிற்காலக் காபென் சம்பளத்துக்கு நடித்தவர்தான் என்று தோன்றினால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், வாதாட நான் தயார்.